சனிக்கிழமை மூன்று மணி: கிழக்கு லண்டன் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க், இல்ஃபோர்ட், வோல்தம்ஸ்டோ பக்கங்களில் இயங்கும் ஊர்ச் சங்கங்களின், பழைய மாணவர் சங்கங்களின் தலைவர், செயலாளர், பொருளாளர்மாருக்கு,

வணக்கம். நேராக விடயத்துக்கு வருகிறேன். உங்களிடம் காசு கேட்டு இந்த மடலை எழுதவில்லை. காசு கேட்டு வருகிற மடல்கள் உங்களுக்கு ஏற்கனவே போதும் போதும் என்றிருக்கும் என்பது தெரியும். நான் கேட்பது உங்கள் சனிக்கிழமைப் பின்னேரங்களில் சிலவற்றையும், உங்களுக்குக் கைவந்த ஒரு தொழிலையும்தான். அந்தத் தொழில் சங்கம் நடத்துவது.

எங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் எந்தக் கழகம் என்று கேட்டுப் பாருங்கள். ஆர்சனல், லிவர்பூல், மான்செஸ்டர் யுனைடெட். சில வீடுகளில் தகப்பன் ஒரு கழகம், மகன் இன்னொன்று, சாப்பாட்டு மேசையில் சண்டை வேறு. அதில் பிழை இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தக் கழகங்களின் மைதானத்துக்குள் காலடி வைத்திருக்கிறார்கள்? டிக்கெட் விலையைப் பார்த்தால் கேள்வியே அநியாயம். அவர்களுக்கு உதைபந்தாட்டம் என்பது தொலைக்காட்சியில் வருகிற ஒன்று.

இதற்கிடையில் ஸ்ட்ராட்ஃபோர்டிலிருந்து சென்ட்ரல் லைனில் ஒரே ஒரு தரிப்பிடம் தள்ளி, 1881 இல் தொடங்கிய ஒரு கழகம் இருக்கிறது. லேட்டன் ஓரியன்ட். இந்த மடல் அதைப் பற்றியது.

பிரிஸ்பேன் ரோட்டில் உள்ள அதன் மைதானத்தை வெளியிலிருந்து பார்த்தவர்கள் அது மைதானம் என்றே நினைத்திருக்க மாட்டார்கள். நான்கு மூலையிலும் அடுக்குமாடி வீடுகள். ஆட்ட நாளில் யாராவது பல்கனியில் தேநீர்க் கோப்பையோடு வந்து நிற்பார். டிக்கெட் இல்லாமலே அவருக்குக் கோர்னர் கிக் தெரியும். காசு இல்லாத காலத்தில் மூலைகளை விற்றுத்தான் கழகம் பிழைத்தது. ஊரில் வளவின் ஒரு துண்டை விற்றுப் பிள்ளையைப் படிப்பிக்கிற கதைதான். எனக்கு அந்தப் பல்கனிகளைப் பிடிக்கும், பிடிக்காதவர்களும் உண்டு.

இந்தக் கழகத்துக்குக் கஷ்டம் புதிதல்ல. 1990களின் நடுவில் தலைவராக இருந்தவர் ருவாண்டாவில் கோப்பி வியாபாரம் செய்தவர். 1994 இல் அங்கே நடந்த இனப்படுகொலை உங்களுக்குத் தெரியும். யுத்தம் ஒரு மனிதரின் தொழிலை எப்படி ஒரே நாளில் இல்லாமல் ஆக்கும் என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ருவாண்டாத் தலைநகர் கிகாலியில் விழுந்த அடி லேட்டனில் வந்து முடிந்தது. 1995 இல் பரி ஹேர்ன் என்ற விளையாட்டு வியாபாரி கழகத்தை 5 பவுணுக்கு வாங்கினார். எழுத்துப் பிழை இல்லை. ஐந்து பவுண். கடன்களைப் பொறுப்பேற்பதுதான் உண்மையான விலை.

அவர் பத்தொன்பது வருடம் வைத்திருந்தார். ஒலிம்பிக் மைதானத்துக்கு வெஸ்ட் ஹாம் வந்தால் பக்கத்திலுள்ள சின்னக் கழகம் மூச்சுத் திணறும் என்று சண்டையும் பிடித்தார். 2014 மே மாதம் வெம்ப்ளியில், இரண்டாம் நிலை லீக்குக்கு ஏறும் இறுதி ஆட்டத்தில் ஓரியன்ட் இரண்டு கோல் முன்னணியில் நின்றது. ரொதர்ஹாம் இரண்டையும் திருப்பிப் போட்டு, பெனால்ட்டியில் வென்றது. சில வாரங்களில் ஹேர்ன் கழகத்தை பிரான்செஸ்கோ பெக்கெட்டி என்ற இத்தாலிய வியாபாரிக்கு 4 மில்லியன் பவுணுக்கு விற்றார். மைதானத்தின் நிலத்தை மட்டும் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். அந்த நேரம் பலருக்கு அது பிடிக்கவில்லை. பின்னால் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு, நிலமும் புதிய உரிமையாளரிடம் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசிக்கவே நெஞ்சு அடைத்தது.

மூன்று வருடத்துக்குள் நடந்தவற்றைச் சொன்னால் நாடகம் என்பீர்கள். இடைக்காலத்தார் உட்படப் பத்துக்கு மேற்பட்ட முகாமையாளர்கள் வந்து போனார்கள். உரிமையாளரின் தொலைக்காட்சி நிறுவனம் இத்தாலியில் ஒரு ரியாலிட்டி நிகழ்ச்சி நடத்தி, வென்றவருக்கு ஓரியன்டில் ஒப்பந்தம் என்றது. 2015 பொக்சிங் டே அன்று அணி வென்ற பிறகு, உரிமையாளர் மைதானத்துக்குள் இறங்கித் தன் சொந்த உதவி முகாமையாளரையே காலால் உதைத்து, 40,000 பவுண் தண்டமும் ஆறு ஆட்டத் தடையும் வாங்கினார். வென்ற நாளில் உதை விழுந்தால் தோற்ற நாளில் என்ன விழும் என்று மக்கள் பகிடி விட்டார்கள். பகிடி கனகாலம் நீடிக்கவில்லை.

2015 இல் கழகம் ஒரு லீக் நிலை கீழே இறங்கியது. 2017 மார்ச்சில் வரித் திணைக்களம் கழகத்தைக் கலைக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் போனது. கடனைத் தீர் அல்லது கழகத்தை வில் என்று நீதிமன்றம் ஜூன் 12 வரை தவணை கொடுத்தது. ஊழியர்களுக்குச் சம்பளம் இல்லை. வீரர்களுக்குச் சம்பளம் இல்லை. கடைசி ஆட்டங்களில் இறங்கியவர்களில் பலர் இளையோர் அணிப் பிள்ளைகள், பதினெட்டு பத்தொன்பது வயதுக்காரர். ஏப்ரல் 22 அன்று குரூ என்ற ஊரில் 3-0 தோல்வி. 1905 இலிருந்து இருந்த லீக் இடம் (இங்கே லீக் என்றால் மேலிருந்து முதல் நான்கு நிலைகள்), 112 வருடத்துக்குப் பிறகு, அந்தப் பின்னேரத்தோடு போனது.

அடுத்த சனிக்கிழமை, ஏப்ரல் 29, பருவத்தின் கடைசி உள்ளூர் ஆட்டம். கொல்செஸ்டரோடு. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்க, சனம் வேலியைத் தாண்டி மைதானத்துக்குள் இறங்கியது. அடிதடி இல்லை. நடுவட்டத்தில் இருந்துகொண்டு உரிமையாளரைப் போகச் சொல்லிக் கத்தினார்கள். தாத்தாமார், தோளில் குழந்தையை வைத்திருந்த தகப்பன்மார், பாடசாலைப் பிள்ளைகள். ஆட்டம் கைவிடப்பட்டது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சனம் மெல்ல மெல்லக் கலைந்தது. எல்லோரும் போன பிறகு, கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம் கழித்து, இரண்டு அணிகளும் திரும்ப வந்து, ஆளில்லாத மைதானத்தில் மிச்ச நிமிடங்களை விளையாடின. விளையாடின என்று சொல்லக்கூடாது. பந்தைத் தங்களுக்குள்ளேயே தட்டிக்கொண்டு நின்றார்கள். யாரும் யாரிடமும் பந்தைப் பறிக்கப் போகவில்லை. நடுவர் ஊதினார். கொல்செஸ்டருக்கு 3-1 வெற்றி என்று பதிவானது. கொல்செஸ்டரின் நிலை அந்த முடிவில் தங்கியிருந்ததால் லீக்குக்கு ஒரு முடிவு வேண்டியிருந்தது; எடுத்துக்கொண்டார்கள்.

லீக் நிர்வாகத்துக்கு இந்த உரிமையாளரைப் பற்றி முன்பே தெரியாதா என்று கேட்பீர்கள். அந்தக் காலத்து 'உரிமையாளர் தகுதிப் பரீட்சை' என்பது குற்றத் தீர்ப்பு இருக்கிறதா, முன்பு வங்குரோத்து ஆனவரா என்று பார்க்கிற பட்டியல்தான். காசை எப்படிக் கையாளுவார், கோபம் வந்தால் என்ன செய்வார் என்று கேட்கிற பரீட்சை அல்ல. இரண்டு வருடம் கழித்து பரி என்ற ஊரின் கழகத்துக்கும் அதுதான் நடந்தது. 1885 இல் தொடங்கி, எஃப்.ஏ. கிண்ணத்தை இரண்டு தடவை வென்ற கழகம். 1 பவுணுக்குக் கைமாறி, 2019 ஓகஸ்ட் 27 அன்று லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. ஓரியன்ட் தப்பியது. பரி தப்பவில்லை.

ஓரியன்ட் எப்படித் தப்பியது? எல்லோரும் சொல்கிற பதில் ஒன்று உண்டு. எசெக்ஸில் வளர்ந்து, சிறு வயதிலிருந்தே ஓரியன்ட் ரசிகராக இருந்து, அமெரிக்காவில் டன்கின் டோனட்ஸ் நிறுவனத்தின் தலைவராக உயர்ந்த நைஜல் ட்ராவிஸ், டெக்சாஸ்காரர் கென்ட் டீக் ஆகியோர் 2017 ஜூன் 22 அன்று கழகத்தை வாங்கினார்கள். முழு உண்மை. நன்றியோடு சொல்ல வேண்டிய உண்மை. ஆனால் அது கதையின் பாதிதான். மற்றப் பாதிக்காகத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

வாங்குகிறவர் எதை வாங்கினார் என்று யோசியுங்கள். நிலம் கழகத்தினுடையது அல்ல. நல்ல வீரர்கள் போய்விட்டார்கள். லீக் இடம் இல்லை. கடன் இருந்தது. மிஞ்சி இருந்தது சனம் மட்டும்தான். அந்தச் சனம் கலைந்து போகாமல் இருந்ததற்குக் காரணம், ரசிகர்களே அங்கத்தவராகச் சேர்ந்து நடத்தும் ரசிகர் நம்பிக்கை நிதியம் என்று ஒன்று முன்பே இருந்தது. லோஃப்ட் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். உரிமையாளர் பிழையாகப் போகிறார் என்று தெரிந்தவுடன் கூட்டம் கூட்டியதும், வழக்கறிஞர்களோடு கதைத்ததும், நீதிமன்றத் திகதிகளைப் பின்தொடர்ந்ததும், ஊடகங்களுக்கு நிதானமாகப் பதில் சொன்னதும் அவர்கள்தான். ஒரு மீட்பு நிதியைத் தொடங்கி ஒரு லட்சம் பவுணுக்கு மேல் சேர்த்தார்கள். கழகம் செத்துப் போனால் மறுநாளே புதிதாக ஒன்றைத் தொடங்குவதற்கு அந்தக் காசு. வீட்டு உண்டியலை உடைத்துக் கொடுத்த பிள்ளைகளின் காசு உட்பட, வங்கியில், கணக்கில், பற்றுச்சீட்டோடு இருந்தது.

கவனித்தீர்களா? கூட்டம், குறிப்பேடு, நிதி, கணக்கு, பற்றுச்சீட்டு. இது உங்கள் தொழில் அல்லவா?

பகிடிக்குச் சொல்லவில்லை. இந்த நகரத்தில் எங்கள் சனம் போலச் சங்கம் நடத்தத் தெரிந்தவர்கள் குறைவு. ஒரு சின்னக் கிராமத்துப் பாடசாலையின் கூரைக்காக லண்டனிலும் டொரன்டோவிலும் சூரிச்சிலும் ஒரே மாதத்தில் காசு சேர்த்து, பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு பெட்டி தண்ணீர்ப் போத்தல்கூட வாங்க விடாத பொருளாளர்மாரை நான் பார்த்திருக்கிறேன். வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கையின் நான்காம் பக்கத்தில் 35 பவுண் எங்கே போனது என்று எழும்பிக் கேட்கிற ஐயாமாரையும் பார்த்திருக்கிறேன். அந்த நேரம் எல்லோருக்கும் பசி, கொத்து ஆறுகிறது, அவரைத் திட்டுவோம். ஆனால் 2014 க்கும் 2017 க்கும் இடையில் பிரிஸ்பேன் ரோட்டில் அப்படி ஒரு ஐயாவுக்குக் கேள்வி கேட்கும் உரிமை சட்டப்படி இருந்திருந்தால், நீதிமன்றம் வரை போயிருக்காது என்பது என் எண்ணம்.

உரிமை இல்லாததுதான் இங்கே சிக்கல். போர்ட்ஸ்மத் கழகத்தைப் பாருங்கள். 2008 இல் எஃப்.ஏ. கிண்ணம் வென்றது, 2010 இல் வங்குரோத்து. கடன்காரர் பட்டியலில், ஆட்ட நாளில் மயங்கி விழுகிறவர்களைத் தூக்குகிற செயின்ட் ஜோன் அம்புலன்ஸ் தொண்டு நிறுவனமும் இருந்தது. நாலாவது நிலை லீக் வரை விழுந்த பிறகு, 2013 இல், ஆளுக்கு ஆயிரம் பவுண் பங்கு என்று இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ரசிகர்கள் போட்ட காசு கழகத்தை வாங்க உதவியது. கடனையும் அடைத்து முடித்தார்கள். ஆனால் ரசிகர்களிடம் சாவி வந்தது வீடு எரிந்து முடிந்த பிறகுதான். எல்லா இடத்திலும் இதே ஒழுங்கு. நல்ல காலத்தில் 'வாடிக்கையாளர்'. கெட்ட காலத்தில் 'குடும்பம்'.

2025 ஜூலையில் உதைபந்தாட்ட நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. கழகங்களைக் கண்காணிக்கச் சுயாதீன ஒழுங்குமுறை அமைப்பு ஒன்றும் வந்திருக்கிறது. உரிமையாளரின் காசு எங்கிருந்து வருகிறது என்று கேட்கவும், மைதானத்தை விற்பதைத் தடுக்கவும், ரசிகர்களோடு கலந்து பேசும்படி கழகங்களைக் கட்டாயப்படுத்தவும் அதற்கு அதிகாரம் உண்டு. நல்ல விடயம். ஆனால் 'ரசிகர்களோடு கலந்து பேசு' என்று சட்டம் சொன்னால், அந்த மேசையில் யார் போய் இருப்பார்? கணக்கு வாசிக்கத் தெரிந்தவர், கூட்டத்துக்கு ஒழுங்காக வருகிறவர், அடுத்த தலைமுறையையும் கூட்டிக்கொண்டு வருகிறவர் இருக்க வேண்டும். கிழக்கு லண்டனின் முகம் மாறி எத்தனையோ வருடமாகிவிட்டது. அந்த மேசையின் முகம் அந்த வேகத்தில் மாறவில்லை. எங்களை வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, நாங்கள் போகவில்லை.

போகாததற்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. எண்பதுகளில் இங்கே வந்த அண்ணன்மாரைக் கேட்டால், ஆட்ட நாளில் ரயிலில் ஏறவே பயந்த கதைகளைச் சொல்வார்கள். அந்தப் பயம் பொய்யல்ல. கழகத்துக்குப் பக்கத்தில் உள்ள கொரனேஷன் கார்டன்ஸ் பூங்காவில் லோரி கனிங்ஹமின் சிலை நிற்கிறது. ஜமேக்காவிலிருந்து வந்த பெற்றோரின் பிள்ளை. 1974 இலிருந்து 1977 வரை ஓரியன்டுக்கு விளையாடினார். நிறத்தைச் சொல்லிக் கத்திய கூட்டங்களுக்கு முன்னால் பந்தைக் காலில் ஒட்டவைத்தது போல ஓடியவர். 1979 இல் ரியல் மாட்ரிட் அவரை வாங்கியது. அந்தக் கழகத்துக்குப் போன முதல் ஆங்கிலேய வீரர் அவர். பயிற்சிக்குப் பிந்தி வந்ததற்கு விழுந்த தண்டத்தை நடனப் போட்டியில் வென்ற காசில் கட்டினார் என்று ஒரு கதை உண்டு. சிலை 2017 நவம்பரில் திறக்கப்பட்டது. கழகம் மிக மோசமாக விழுந்திருந்த வருடம் அது. இன்று வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு எந்தப் பக்கம் இருந்தாலும் பிள்ளைகளோடு பயமில்லாமல் இருந்து பார்க்கலாம். எங்கேயும் ஒரு மடையன் இருப்பான். அவனைப் பற்றி முறையிட இப்போது ஆட்கள் இருக்கிறார்கள்.

மீண்டு வந்த கதையையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நான் ஒப்பாரி மட்டும் வைக்கிறேன் என்பீர்கள். புதியவர்கள் வாங்கிய முதல் பருவம், ஐந்தாம் நிலை லீக்கில், ஒன்றும் பெரிதாக இல்லை; பதின்மூன்றாம் இடம். நடுவில் ஜஸ்டின் எடின்பரா முகாமையாளராக வந்தார். அடுத்த பருவம், 2019 ஏப்ரல் 27 அன்று, பிரெய்ன்ட்ரீயோடு கோலில்லாத சமநிலை. உதைபந்தாட்ட வரலாற்றிலேயே இவ்வளவு சந்தோசமான 0-0 இருக்காது. ஓரியன்ட் முதலிடம் பெற்று லீக்குக்குத் திரும்பியது. அந்தப் பருவம் ஐந்தாம் நிலை ஆட்டங்களுக்குச் சராசரியாக ஐயாயிரத்துக்கு மேல் சனம் வந்தது. கீழே விழுந்த கழகத்தைச் சனம் கூடிப்போய்ப் பார்த்தது.

ஆறு வாரம்கூட ஆகவில்லை. ஜூன் மாதத் தொடக்கத்தில் எடின்பராவின் இதயம் நின்றது. ஜூன் 8 அன்று, 49 வயதில், இறந்துபோனார். மேற்குப் பார்வையாளர் மாடத்துக்கு இன்று அவருடைய பெயர். உடற்பயிற்சி நிலையங்களில் இதய அதிர்ச்சிக் கருவி கட்டாயமாக இருக்கவேண்டும் என்று அவருடைய குடும்பம் அறக்கட்டளை வைத்துப் போராடுகிறது. உங்கள் விளையாட்டு விழாக்களிலும் நாற்பது தாண்டியவர்கள் ஓடுகிறார்கள். அந்தக் கருவி உங்கள் மைதானத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இது மடலின் விடயம் அல்ல, ஆனாலும் பாருங்கள்.

பிறகு கொரோனா. ஆளில்லாத மைதானம், வாசல் வருமானம் பூச்சியம். 2011 இல் இளைஞனாக டொட்டன்ஹாம் கழகத்திலிருந்து இங்கே கடனுக்கு வந்து விளையாடி, பின்னர் இங்கிலாந்து அணித் தலைவரான ஹரி கேன், 2020 இல் ஓரியன்டின் சட்டை விளம்பர இடத்தைத் தானே வாங்கி, உள்ளூர்ச் சட்டையில் தன் பெயரைப் போடாமல் முன்னரங்கச் சுகாதார ஊழியர்களுக்கு நன்றி என்று போடச் சொன்னார். எங்கள் வீடுகளில் எத்தனை பேர் அந்த நாட்களில் மருத்துவமனைகளில் வேலை செய்தவர்கள்! அந்தச் சட்டை ஒரு விதத்தில் அவர்களுடையதும்தான்.

2023 இல் நாலாவது நிலை லீக்கில் முதலிடம். 2025 பெப்ரவரியில் எஃப்.ஏ. கிண்ணத்தில் மான்செஸ்டர் சிட்டி பிரிஸ்பேன் ரோட்டுக்கு வந்தது. பதினாறாவது நிமிடம், ஜேமி டொன்லி கிட்டத்தட்ட நடுக்கோட்டிலிருந்து அடித்த பந்து கோல் கம்பத்தில் பட்டு, காப்பாளரின் முதுகில் பட்டு உள்ளே போனது. சிட்டி 2-1 என்று தப்பிப் பிழைத்துப் போனது. அதே வருடம் மே மாதம் திரும்பவும் வெம்ப்ளி. திரும்பவும் தோல்வி, இந்த முறை சார்ல்டனிடம் ஒரு கோலால். வெம்ப்ளிக்கும் ஓரியன்டுக்கும் பொருத்தம் இல்லை, சாத்திரம் பார்க்கத்தான் வேண்டும்.

இதெல்லாம் நல்ல செய்திதான். ஆனால் பொருளாளர்மாரே, உங்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. கீழ் லீக் கழகங்களில் பெரும்பாலானவற்றில் வரவை விடச் செலவு கூட. பற்றாக்குறையை ஒவ்வொரு வருடமும் உரிமையாளர் தன் பையிலிருந்து நிரப்புகிறார். அவருடைய மனமும் பையும் நல்லா இருக்கும்வரை கழகம் நல்லா இருக்கும். அவருக்கு அலுத்துவிட்டால், அல்லது ருவாண்டா போல எங்கோ ஒரு இடத்தில் அவருடைய தொழில் விழுந்தால், திரும்பவும் பழைய இடம். இப்போது இருப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. நல்ல மனிதரை நம்பி இருப்பதும் தங்கி இருப்பதுதான். அந்தத் தங்குதலைக் குறைக்கிற ஒரே வருமானம் வாசலில் வருகிறது.

அதனால்தான் இங்கிலாந்தில் சனிக்கிழமை பின்னேரம் 2.45 இலிருந்து 5.15 வரை உதைபந்தாட்டத்தை நேரடியாக ஒளிபரப்ப விடுவதில்லை. பல பத்தாண்டுகளாக இருக்கும் வழக்கம். பெரிய ஆட்டம் வீட்டில் ஓடினால் சின்னக் கழகத்தின் வாசலில் யார் நிற்பார் என்ற யோசனைதான். எங்கள் வீடுகளில் அதைத் தாண்டிக் காட்டுகிற 'பெட்டி' ஒன்று இருக்கிறது. யார் வீட்டில் என்று நான் கேட்கப் போவதில்லை. ஆனால் அந்த இரண்டரை மணித்தியாலம் யாருக்காக ஒதுக்கப்பட்டது என்பதையாவது தெரிந்துகொண்டு பெட்டியைப் போடுங்கள்.

சரி, நேரம் எங்கே என்று அம்மாமார் கேட்பார்கள். காலையில் தமிழ்ப் பள்ளிக்கூடம், பிறகு வயலின், பிறகு பரதம், பிறகு கணித டியூசன். எனக்கும் தெரியும். பல தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் மதியத்தோடு விடுகின்றன. ஆட்டம் மூன்று மணிக்கு. லேட்டன் நிலையத்திலிருந்து ஹை ரோட் வழியாக நடந்தால், நடுவில் பிள்ளைக்கு ஒரு பெட்டி சிப்ஸ் வாங்கிக் கொடுத்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். ஐந்து மணிக்கு முடிந்துவிடும். ஒரு பூப்புனித நீராட்டு விழாவுக்கு நாங்கள் இருக்கிற நேரத்தில் பாதிகூட இல்லை.

குளிர் பற்றி நான் பொய் சொல்ல மாட்டேன். ஜனவரியில் கிழக்கு மாடத்தில் இருந்தால் கால் விறைக்கும். இரண்டு சொக்ஸ் போடுங்கள்.

சங்கமாக என்ன செய்யலாம்? உங்கள் விளையாட்டு விழாவில் வென்ற பிள்ளைகளுக்கு வருடா வருடம் கிண்ணம் கொடுக்கிறீர்கள். வீட்டில் அலுமாரிக்கு மேல் தூசு பிடித்துக் கிடக்கிறது. ஒரு வருடம் கிண்ணத்துக்குப் பதிலாக ஓரியன்ட் ஆட்டம் ஒன்றுக்கு டிக்கெட் கொடுத்துப் பாருங்கள். தகப்பனும் தாயும் கூட வரவேண்டியிருக்கும், அதுதான் உள்நோக்கம். பெரிய ஆட்டத்துக்கு வேண்டாம். மழை தூறுகிற, எதிரணி யாரென்று யாருக்கும் அக்கறை இல்லாத ஒரு சாதாரண நாளுக்கு வாங்குங்கள். சிட்டி வருகிற நாளில் டிக்கெட் தானாக விற்கும். நீங்கள் தேவைப்படுவது மற்ற நாட்களில்.

கடைசியாக, உங்களில் கணக்காளர்களும் வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். உங்கள் பிள்ளைகளில் இன்னும் அதிகம். சங்கக் கூட்டத்தில் ஒரு நல்ல கேள்வி கேட்டதற்காகப் பெரியவர்களிடம் ஏச்சு வாங்கி, பிறகு கூட்டத்துக்கே வராமல் விட்ட இளம் தங்கைமார், தம்பிமார் இருக்கிறார்கள் அல்லவா? அவர்களை ரசிகர் நிதியத்தில் அங்கத்தவராகச் சேரச் சொல்லுங்கள். ரசிகர் நிதியங்களில் ஆளுக்கு ஒரு வாக்கு. எவ்வளவு காசு போட்டாலும் ஒன்றுதான். ஊர்ச் சங்கத்தில் கிடைக்காத ஒரு இடம் அங்கே அவர்களுக்குக் கிடைக்கலாம். இதைச் சொன்னதற்கு என்னோடு சிலர் கோபிப்பார்கள். பரவாயில்லை.

உங்கள் அடுத்த நிர்வாகசபைக் கூட்டத்தில், 'வேறு விடயங்கள்' என்ற தலைப்பின் கீழ் இதை எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தலைப்பு வருகிற நேரம் எல்லோரும் மணிக்கூட்டைப் பார்ப்பார்கள் என்பதும் தெரியும். முடிந்தால் ஓர் இடம் மேலே போடுங்கள்.

அன்புடன்,
லேட்டனிலிருந்து ஓர் ஓரியன்ட்காரன்